எழுதிக் கொடுத்தவள்

மகளிர் தினம் நெருங்கும்போது ஒரு கணக்கு தவறாமல் வந்து சேர்கிறது. உலக அளவில் காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளர்களாகக் குறிக்கப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்பது அந்தக் கணக்கு. மேடையில் இருப்பவர் அதைச் சொன்னதும் அரங்கில் 'உச்' கொட்டும் சத்தம் கேட்கும். அடுத்த வரி எனக்கு மனப்பாடம்: ஆகவே பெண்களே, ஆராய்ச்சிக்கு வாருங்கள், கண்டுபிடியுங்கள், காப்புரிமை வாங்குங்கள். கைதட்டல். தேநீர்.

கணக்கு பொய்யில்லை. அது சுட்டும் அநீதியும் பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவோடுதான் எனக்குச் சண்டை. பெயரை எண்ணி முடித்தால் அதிகாரத்தையும் எண்ணி முடித்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுப்பது யார் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பட்டா யார் பெயரில், விற்கும் உரிமை யார் கையில் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, ஆய்வகத்தின் வாசலில் மட்டும் அந்தக் கேள்வி எப்படி மறந்துபோகிறது?

எனக்கு வேதியியல் தெரியாது. நான் தமிழ் படித்து, தமிழ் கற்பிப்பவள். ஆனால் காப்புரிமை என்பது வேதியியலுக்கு முன்பே ஒரு ஆவணம். ஆவணத்தை வாசிப்பது என் தொழில். யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார், யார் அதில் இல்லவே இல்லை என்று பார்ப்பதுதான் இருபது ஆண்டுகளாக நான் வகுப்பில் செய்துவருவது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். பேச்சாளர்களுக்கும் பிடித்த பெண்தான். கெர்ட்ரூட் எலியன். 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர், குடியேறிய யூதக் குடும்பம். அப்பா பல் மருத்துவர். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் சேமிப்பெல்லாம் போயிற்று. கட்டணமில்லாத ஹண்டர் மகளிர் கல்லூரி இருந்ததால்தான் எலியன் படித்தார். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் சாவதைப் பார்த்தவர், 1937இல் வேதியியல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதிய இடங்களெல்லாம் கைவிரித்தன. ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று ஒரு நேர்காணலில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சம்பளமில்லாமல் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பள்ளியில் பாடம் நடத்தினார். மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் சோதனைக்கூடத்தில் ஊறுகாயின் புளிப்பையும் மயோனைஸின் நிறத்தையும் அளந்தார். இரண்டாம் உலகப்போர் ஆண்களை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் கதவு திறந்தது. 1944இல் பர்ரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார். மாலை நேரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வா என்றார் கல்லூரி முதல்வர். எலியன் வேலையை விடவில்லை, பட்டத்தை விட்டார்.

(மணம் செய்துகொள்ள இருந்தவர் 1941இல் இதயத்தில் வந்த தொற்றால் இறந்துபோனதையும் பேச்சாளர்கள் விடாமல் சொல்வார்கள், குரலைத் தாழ்த்தி. ஹிட்சிங்ஸின் காதல் வாழ்க்கையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.)

அவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உயிரணு தன்னைப் பெருக்கிக்கொள்ளச் சில அடிப்படைக் கற்கள் வேண்டும். அந்தக் கற்களைப் போலவே தோன்றும் போலிக் கல்லைச் செய்து கொடுத்தால், வெறிகொண்டு பெருகும் புற்றணு அதை எடுத்து அடுக்கிக் கட்டடம் எழும்பாமல் நின்றுவிடும். இந்த வழியில் வந்ததுதான் 6-மெர்காப்டோபியூரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த காலம் அது. 1953இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. பின்பு வேறு மருந்துகளும் சேர்ந்து, அந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கும் நிலை வந்தது. அதே வழியில் அசாதையோபிரின் வந்தது. உறவில்லாதவரின் சிறுநீரகத்தை உடல் ஏற்க அது துணை நின்றது. கீல்வாதத்துக்கு அலோபுரினால், அக்கி அம்மைக்கு அசைக்ளோவிர். அக்கிக்கு மாத்திரை வாங்கியிருந்தால் நீங்களும் அவர் கைபட்டதை விழுங்கியிருக்கிறீர்கள். 1988இல் ஹிட்சிங்ஸோடும் ஜேம்ஸ் பிளாக்கோடும் நோபல் பரிசு. 1991இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையில் இடம்பெற்ற முதல் பெண். அவர் பெயர் உள்ள காப்புரிமைகள் 45.

இந்த 45 என்ற எண் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கால அமெரிக்கக் காப்புரிமை ஏடு ஒன்றைப் பார்த்தால், தலைப்பை ஒட்டியே பெயர்கள் இருக்கும்: இன்ன ஊர் ஹிட்சிங்ஸ், இன்ன ஊர் எலியன், இன்ன நிறுவனத்துக்கு உரிமை மாற்றித் தந்தவர்கள். நம் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் கொடுத்தால் ஒரு நொடியில் மொழிபெயர்த்துவிடுவார். எழுதிக் கொடுத்தவர்: எலியன். எழுதி வாங்கியவர்: பர்ரோஸ் வெல்கம். கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் பெயர் பெரிதாகத்தான் இருக்கும். அதைக் காட்டி அந்த நிலம் அவருடையது என்று யாரும் சொல்வதில்லை. பேச்சாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்: எலியனுக்கு 45 காப்புரிமைகள் 'இருந்தன' என்று. இல்லை. அவர் 45 முறை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெயர்கூட மரியாதைக்காக அச்சிடப்பட்டதில்லை. உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயரை விட்டுவிட்டால் காப்புரிமையே செல்லாமல் போகலாம் என்பது அமெரிக்கச் சட்டம். பெயர் என்பது பத்திரம் செல்லுபடியாக வேண்டிய சாட்சிக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்டவுடன் ஏட்டில் அந்தப் பெண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. மருந்துக்கு என்ன விலை வைப்பது, எந்த நாட்டில் விற்பது, எந்த நாட்டில் விற்காமல் விடுவது, யார் மேல் வழக்குப் போடுவது என்பதெல்லாம் எழுதி வாங்கியவர் வீட்டு விவகாரம்.

எலியன் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1967இல் ஒரு துறைக்கே தலைவரானார். வேலையை நேசித்தார். அவருடைய மகிழ்ச்சியை நான் கேள்வி கேட்கவில்லை. மாமியார் வீட்டில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பெண் சொன்னால் அதை நம்புவேன். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை அதற்காக விட்டுவிட மாட்டேன்.

அந்தக் கேள்வி கூர்மையாகும் இடம் ஏ.இசட்.டி. என்ற மருந்து. எச்.ஐ.வி.க்கு எதிராக முதன்முதலில் ஒப்புதல் பெற்றது. 1964இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் அதைப் புற்றுநோய்க்காகச் செய்தார், அமெரிக்க அரசின் பணத்தில். புற்றுநோய்க்குப் பயன்படவில்லை, காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார். இருபது ஆண்டு கழித்து, எலியன் வளர்த்த ஆய்வகத்தில், அவர் ஓய்வு பெற்ற பின், அந்தப் பழைய பொருள் மறுபடி கையில் எடுக்கப்பட்டது. எச்.ஐ.வி.க்கு மருந்தாக அதைப் பயன்படுத்துவதற்கு நிறுவனம் காப்புரிமை கேட்டது. கண்டுபிடிப்பாளர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர்: ஜேனட் ரைடவுட், சாண்ட்ரா லெர்மன், மார்த்தா செயின்ட் கிளேர், டேவிட் பேரி, ஃபிலிப் ஃபர்மன். முதல் மூவரும் பெண்கள். ஐந்தில் மூன்று! நம் மேடைக் கணக்குப்படி இது விழா எடுக்க வேண்டிய காப்புரிமை.

அந்த விழாக் காப்புரிமையின் மருந்து 1987 மார்ச்சில் கடைக்கு வந்தது, ஒரு ஆளுக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் விலையில். அந்நாளில் அதுவரை வந்த மருந்துகளிலேயே மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று. செத்துக்கொண்டிருந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1989 செப்டம்பரில் ஆக்ட் அப் அமைப்பினர் நியூயார்க் பங்குச்சந்தைக்கு உள்ளேயே புகுந்து தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சில நாளில் நிறுவனம் விலையை 20 சதவீதம் குறைத்தது. மூன்று பெண்களின் பெயர் செய்யாததைச் சங்கிலி செய்தது. அந்த மூவரும் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. விலை பேசும் மேசையில் எழுதிக் கொடுத்தவருக்கு நாற்காலி கிடையாது, அவ்வளவுதான்.

இந்த ஏ.இசட்.டி. வழக்கு மன்றத்துக்குப் போனபோது நடந்த ஒன்றைப் பெண்ணியவாதிகள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். மருந்து வைரஸுக்கு எதிராக வேலை செய்கிறதா என்று மனித உயிரணுக்களில் சோதித்துக் காட்டியவர்கள் அரசு நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அப்படியானால் அவர்களும் கண்டுபிடிப்பாளர்கள்தானே, காப்புரிமையில் அரசுக்கும் பங்கு உண்டே என்று கேட்டது, மலிவு விலையில் அதைத் தயாரிக்க விரும்பிய பார் என்ற நிறுவனம். 1994இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய முழுவதுமாக மறுத்தது. கண்டுபிடிப்பின் உரைகல் 'கன்செப்ஷன்' என்றது தீர்ப்பு. ஆங்கிலத்தில் அதுவே கருத்தரித்தலுக்கும் சொல். மனத்தில் கரு உருவான கணமே கண்டுபிடிப்பு. அதன் பிறகு சோதித்தது, சரிபார்த்தது, வேலை செய்கிறது என்று நிரூபித்தது எல்லாம் வெறும் உறுதிப்படுத்தல்.

வித்து யாருடையதோ பிள்ளை அவருடையது. சுமந்தது, பெற்றது, பாலூட்டியது எல்லாம் கணக்கில் வராத வேலை. எத்தனை ஆயிரம் ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வாதம் இது! நிலம் ஊமை, விதைத்தவனே விளைச்சலின் தலைவன் என்ற அதே தர்க்கம், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறது. ஆய்வகத்தில் குழாய் கழுவுகிறவள், மருந்தை முதலில் உடம்பில் ஏற்றிக்கொண்டு வாந்தியெடுக்கிறவள், அந்த வாந்தியைத் துடைக்கிற செவிலி எல்லோரும் நிலம்தான்.

இங்கே நான் சென்னைக்கு வந்தாக வேண்டும். ஏ.இசட்.டி. அமெரிக்காவில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி தன் ஆய்வேட்டுக்காக ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்தார். எய்ட்ஸ் வெளிநாட்டார் நோய், நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்று நாடே நம்பியிருந்த நேரம். நிர்மலாவுக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. முடிவு வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் காட்டியவர்கள் இந்த இரண்டு பெண்கள்.

அந்த ரத்தம் யாருடையது? பாலியல் தொழிலாளிகளாகப் பிடிக்கப்பட்டுச் சென்னையில் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. எதற்காக ஊசி ஏறுகிறது என்று விளக்கிச் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இருந்தால் அது அவர்களுக்கு அவமானமாகத்தான் முடிந்திருக்கும். காப்பகம், காப்புரிமை. தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர். காப்பு என்றால் பாதுகாவல். குழந்தைக்கும் சூலிக்கும் கையில் இடுவது. நூலின் முதலில் பாடுவது. இந்த இரண்டு சொல்லிலும் காக்கப்படுவது யார் என்று பாருங்கள். காப்பகம் சமூகத்தைப் பெண்ணிடமிருந்து காத்தது. காப்புரிமை மருந்தை நோயாளியிடமிருந்து காத்தது. அந்தப் பெண்களின் உடம்பில் நோய் இருக்கிறது என்பது தெரிந்தது. மறு ஆண்டே உலகில் மருந்தும் வந்தது. இரண்டும் சந்திக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சந்திக்க வைத்தது எது என்பதுதான் மேடைகளில் சொல்லப்படாத பகுதி. காப்புரிமை அல்ல, காப்புரிமை இல்லாமை. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு வழியில் செய்யத் தெரிந்தால் செய்துகொள்ளலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் ஏ.இசட்.டி.க்கு ஒரு செய்முறை கண்டார்கள். சிப்லா அதைத் தயாரித்தது. 2001இல் மேலைநாட்டில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மும்மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது அதே நிறுவனம். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கிய முதல் சில மையங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அங்கே வரிசையில் நின்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். புருஷன் கொண்டுவந்த நோய், புருஷன் செத்ததும் மாமியார் வீட்டில் வெளியே தள்ளப்பட்டவர்கள், தாலி போன கையோடு சொத்தும் போனவர்கள். அவர்களை உயிரோடு வைத்தது ஒரு மலிவு மாத்திரை. அந்த மாத்திரையை மலிவாக வைத்தது ஒரு சட்டப் பிரிவு.

உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005இல் அந்தச் சட்டம் மாறியது. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆனால் இரண்டு கதவுகளை நாடாளுமன்றம் திறந்தே வைத்தது. ஒன்று பிரிவு 3(டி): ஏற்கெனவே தெரிந்த மருந்தை உப்பாக்கி, நீர் சேர்த்து, வடிவம் மாற்றிக் கொண்டுவந்தால், குணப்படுத்தும் ஆற்றல் கூடவில்லையென்றால் அது கண்டுபிடிப்பே அல்ல. இதன்படி நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்துக்கு 2006இல் மறுப்புச் சொன்னது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2007இல் அந்தப் பிரிவு செல்லும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம் இரண்டாவது கதவு.

பிரிவு 25(1). காப்புரிமை வழங்கப்படும் முன்பே எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யார்? 'எந்த நபரும்' என்கிறது சட்டம். அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, வழங்கிய பின் எதிர்ப்பதைப் பற்றியது. அங்கே 'அக்கறையுள்ள நபர்' என்று சொல் சுருங்குகிறது. நான் சொற்களோடு வாழ்கிறவள். இந்த வித்தியாசத்தின் முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். எந்த நபரும். விஞ்ஞானி வேண்டாம். வழக்கறிஞர் வேண்டாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டாம். தாம்பரத்தில் வரிசையில் நின்றவள் போதும்.

நின்றவர்கள் வந்தார்கள். 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் தாங்களே கூடி பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். 2006இல் ஏ.இசட்.டி.யும் இன்னொரு மருந்தும் சேர்ந்த காம்பிவிர் மாத்திரைக்கு கிளாக்ஸோ காப்புரிமை கேட்டபோது, எச்.ஐ.வி. உள்ளோரின் அமைப்புகள் எதிர்ப்பு மனு போட்டு, தெருவிலும் இறங்கின. நிறுவனம் விண்ணப்பத்தை அந்த ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த கிளாக்ஸோ வேறு யாருமில்லை, பர்ரோஸ் வெல்கமின் வாரிசு. எலியனிடம் எழுதி வாங்கியவரின் வாரிசை, ரத்தம் மட்டும் கேட்கப்பட்ட ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

அதே 2006இல் நெவிராபின் ஹெமிஹைட்ரேட் என்ற பொருளுக்கு ஒரு ஜெர்மானிய நிறுவனம் கேட்ட காப்புரிமையைப் பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க்கும் இன்னொரு அமைப்பும் எதிர்த்தன. இது குழந்தைகளுக்கான மருந்துக் கரைசல். தெரிந்த மருந்தில் நீர் சேர்ந்த வடிவம். பிள்ளைக்கு இரண்டு வேளை இந்தச் சொட்டு மருந்தை அளந்து ஊற்றுவது எத்தனை வீடுகளில் அம்மாவின் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2008 ஜூனில், டெல்லிக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. இந்தத் தேதியை எந்த மகளிர் தினச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. நோபல் இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு காப்புரிமையை 'வாங்காத', வாங்கவிடாத பெண்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பிற்பாடு 2019இல், காசநோய்க்குப் போட்ட பழைய ஊசிகளால் கேட்கும் திறனை இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும், பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை இதே பிரிவில் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் வென்றார்கள். கடல் கடந்த ஒருத்தியும் 'எந்த நபரும்' என்ற சொல்லுக்குள் அடங்கினாள்.

காப்புரிமை இல்லாவிட்டால் மருந்து ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார் என்று கேட்பார்கள். சோதனைகளுக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏ.இசட்.டி. பிறந்தது பொதுப் பணத்தில். அதன் கதையைத் தெரிந்துகொண்டே இந்தக் கேள்வியைக் கேட்பவர் கேட்கட்டும். பர்ரோஸ் வெல்கமும் செலவழித்தது உண்மை. செலவுக்குக் கூலி எவ்வளவு, எத்தனை காலம், அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் பேச்சு. 3(டி) ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. பழைய பாட்டிலுக்குப் புது மூடி போட்டு இன்னும் பல ஆண்டு வாடகை கேட்பதைத் தடுக்கிறது.

'பெண்களின் பெயரே வேண்டாம் என்கிறீர்களா' என்றும் கேட்கப்படும். வேண்டும். எலியனின் பெயர் நாற்பது இடத்திலும் வேண்டும், ஐம்பது இடத்திலும் வேண்டும். ஊறுகாய் அளந்துகொண்டே முடிந்திருக்க வேண்டிய ஒருத்தி அங்கே போய் நின்றது சின்ன விஷயமில்லை. ஆனால் வாசல் வரை வந்ததை வீடு கிடைத்ததாக எழுதாதீர்கள் என்கிறேன்.

பெயர் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தக் காப்புரிமைகளும் எண்ணப்படுகின்றன. ஆசிரியர் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணிலும் அவற்றுக்கு இடம் உண்டு. நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், துறைக்கு ஒன்றாவது காட்டுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. தமிழ்த் துறைக்கும் வந்தது. எதற்குக் காப்புரிமை கேட்பது? குறுந்தொகைக்கா? ஒரு வாரத்தில் எங்கள் கைப்பேசிகளுக்கு விளம்பரங்கள் வந்தன: கருவியின் வரைபடம் தயார், விண்ணப்பம் தயார், கண்டுபிடிப்பாளர் இடம் காலியாக இருக்கிறது, முதல் பெயருக்கு இவ்வளவு, ஆறாவது பெயருக்கு இவ்வளவு. மகளிர் தினச் சலுகைகூட இருந்தது. இரவு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற, ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிற இளம் ஆசிரியைகள் பணத்தைப் புரட்டிப் பெயரை வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஆண்டு ஆண்டறிக்கையில் 'பெண் கண்டுபிடிப்பாளர்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது, பூ வைத்த ஓரத்தோடு. மேடைக் கணக்கில் அவர்களும் சேர்ந்திருப்பார்கள்.

அந்தப் பயிலரங்குகளில் எல்லாம் படிவம் 1 எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருகிறார்கள். காப்புரிமை கேட்கும் படிவம் அது. படிவம் 7ஏ என்று ஒன்று இருப்பதை எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை. பிரிவு 25(1)இன் கீழ் எதிர்ப்பைச் சொல்லும் படிவம். நம் மகளிர் கல்லூரிகளின் சட்ட விழிப்புணர்வு வகுப்புகளில் வரதட்சணைச் சட்டம் இருக்கிறது, குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். கருத்தடை மருந்தும் மார்பகப் புற்றுநோய் மருந்தும் என்ன விலைக்கு நம் கைக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் மட்டும் ஆண் பொறியாளர்களின் பாடமாகக் கிடக்கிறது.

இதற்கிடையில் கதவு ஒருக்களித்து மூடப்படுகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு காப்புரிமை விதிகளைத் திருத்தியது. வழங்கும் முன் எதிர்ப்பதற்கு அதுவரை கட்டணம் இல்லை, இப்போது உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலில் தீர்மானிப்பார். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பொய் மனுக்கள் பெருகிவிட்டன என்று காரணம் சொன்னார்கள். பொய் மனு போடும் போட்டி நிறுவனத்துக்குக் கட்டணம் ஒரு பொருட்டில்லை. சட்டத்தில் 'எந்த நபரும்' என்ற சொல் அப்படியேதான் இருக்கிறது. விதிதான் அதற்கு முன்னால் ஒரு சுங்கச்சாவடியைப் போட்டிருக்கிறது. பெண்கள் அமைப்புகளிடமிருந்து இதை எதிர்த்து எத்தனை தீர்மானங்கள், எத்தனை கட்டுரைகள் வந்தன? வந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் கூட்டமைப்புகளும் அவர்களோடு நிற்கும் சில வழக்கறிஞர்களுமே. நாம் அந்த மாதம் பெண் கண்டுபிடிப்பாளர்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

படிவம் 7ஏ-வை ஒருமுறை பதிவிறக்கிப் பாருங்கள். பெயர், முகவரி, எந்த விண்ணப்பத்தை எதிர்க்கிறீர்கள், என்ன காரணத்தால், கீழே கையெழுத்து. கல்வித் தகுதி கேட்கும் கட்டம் அதில் இல்லை. கணவர் பெயர் கேட்கும் கட்டமும் இல்லை.